எத்தனையில்

வறட்சி அறிக்கை வெள்ளிக்கிழமை போகவேணும்.
இன்று புதன் பின்னேரம், ஒட்டுசுட்டான்.
மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும்
காற்று ஒன்றில்தான் வருகிறது.

கேள்வி சின்னது:
பவுசர் வந்தால்தான் குடிதண்ணி என்கிற வீடுகள்
நூற்றுக்கு எத்தனை?
மாவட்டத்தில், பிறகு பிரதேசத்தில்,
பிறகு பிரிவில், பிறகு ஊரில்.
அமத்தினால் ஒவ்வொரு படியாய் உள்ளே இறங்கவேணுமாம்,
மேலே இருந்து பார்க்கிறவருக்குக் களைக்காமல்.

முதலில் வட்ட வரைபு போட்டான் ஜெனோசன்.
மாவட்டத்துக்குள் நாங்கள் ஒரு கீற்று.
அமத்தினேன்,
கீற்று எழும்பி முழு வட்டமாய் நின்றது.
அதற்குள் ஒரு கீற்று. அதுவும் முழு வட்டம்.
"பாருங்கோ அக்கா, என்ன வடிவாய்த் திறக்குது!"
திறக்குது தம்பி.
நாலு தரம் திறந்தபிறகு
மூன்று வீடும் மூவாயிரம் வீடும்
ஒரே அளவுத் தோசை.

பிறகு பெட்டிக்குள் பெட்டி,
வயலுக்கு வரம்பு கட்டினமாதிரி.
புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று
அகலக் கிடந்தன.
நான் வெள்ளைமருதங்குளத்தைத் தேடினேன்.
இரண்டு வரம்பு முட்டுகிற மூலையில்
ஒரு நண்டுப் பொந்து.
மௌசின் அம்பு அதைவிடப் பெரிது.

வளையத்துக்குள் வளையமும் பார்த்தோம்,
பாலைக்குற்றியை அறுத்த முகம்போல.
வெளிவளையத்தில் ஊர்ப்பெயர்கள்
சரிந்தும் தலைகீழாயும் கிடந்தன.
கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்.

அடுக்குச் சலாகைக்கு வந்தபோது இருட்டிவிட்டது.
எல்லாச் சலாகையும் நூறு, எல்லாம் ஒரே உயரம்,
காலைக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளைகள்போல.
பக்கத்துப் பிரிவு: பவுசர் 33.1.
வெள்ளைமருதங்குளம்: பவுசர் 33.3.
தோளோடு தோள்.

எத்தனையில், என்று கேட்டேன்.
ஜெனோசன் தாளைப் புரட்டினான்.
அங்கே அறுநூற்று நாலில் இருநூறு.
இங்கே
மூன்றில் ஒன்று.

அந்த ஒன்றை எனக்குத் தெரியும்.
கமலநாயகியின் வீடு.
போன வருடம் துளை போடும் லொறி வந்து
நூற்றைம்பது அடி இறங்கி, கல்லில் முட்டி,
வெள்ளைத் தூளை முற்றத்தில் கக்கிவிட்டுப் போனது.
நான்தான் படிவம் நிரப்பப் போனேன்.
செவ்வரத்தை இலையெல்லாம் மா பூசினமாதிரி.
"கட்டின காசைத் திருப்பித் தருவினமோ?" என்றா.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சுற்றறிக்கை ஏழாம் பந்தி சொல்கிறது:
ஐந்துக்குக் குறைந்தால் வீதம் காட்டவேண்டாம்,
ஆளை மட்டுக்கட்டிவிடுவார்கள்,
நட்சத்திரக் குறி இடுக.
சரிதான். நானே இப்போது மட்டுக்கட்டினேனே.
ஆனால் நட்சத்திரத்துக்குப் பவுசர் போகாது.

கடைசியில் படுக்கைச் சலாகை,
பெரிசு மேலே, சின்னது கீழே.
ஒவ்வொன்றின் நுனியிலும் வீட்டுக் கணக்கு.
எத்தனை படி இறங்கினாலும்
மேலே சாம்பல் நிறத்தில் மாவட்டச் சலாகை
அசையாமல் நிற்கும்.
வந்த வழி ஒரு வரியில்:
முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், பிரிவு, ஊர்.
ஐந்துக்குக் கீழே வரைபே இல்லை, நட்சத்திரம்.

அறிக்கைக்கு வெளியே
கொப்பித்தாளில் நான் எழுதின பட்டியல் ஒன்று.
பவுசர் ஓட்டுகிற புவனச்சந்திரனின் கையில் கொடுத்தேன்.
அதில் வீதம் இல்லை.
எந்த மதகால் திரும்புவது,
எந்தப் படலையில் கோர்ன் அடிப்பது,
எத்தனை கான்.

வெள்ளி மத்தியானம் கச்சேரியில் இருந்து போன்.
"எல்லாம் நல்லம் பிள்ளை,
வட்டம் ஒன்றும் இல்லையோ?
வட்டம் எண்டால் பார்க்க ஒரு களை."

அட்டைக்கு ஒன்று போட்டோம்.
நாலு நிறம்.
அமத்தினால் திறக்காது.