உச்ச நேரம்

மாலை ஆறு மணிக்கு மஞ்சூரில்
பனி இறங்கும், கட்டணம் ஏறும்.
பத்து வரைக்கும் யூனிட்டுக்குக் கால் பங்கு கூடுதல்.
சுவிட்சை அணைக்கச் சொல்கிறவள் நான்தான்.
தேயிலை ஆலையின் கணக்கர்.
சுவரிலிருக்கும் கடிகாரம்தான் என் மேலதிகாரி.

கொழுந்துக்கு இந்தக் கணக்கு தெரியாது.
மூன்று மணி லாரியில் வந்த நாலாயிரம் கிலோ
வாடல் தொட்டியில் மூச்சுவிட்டுக் கிடக்கிறது.
விசிறி நின்றால் அடியில் சூடு பிடிக்கும்,
விடியும்போது புளித்த வாடை வரும்.
சரி, மூன்று விசிறி ஓடட்டும், இரண்டு நிற்கட்டும்,
உருளைகள் பத்து மணிக்கு மேல் சுழலட்டும்
என்று சித்திரையில் எழுதிக் கொடுத்தேன்.
முதலாளி போஜன் கையெழுத்துப் போட்டார்.

சல்லடைப் பிரிவில் பதினொரு பெண்கள்.
கடைசி பஸ் எட்டே முக்கால்.
அதன் பிறகு சாலை கரடிக்குச் சொந்தம்.
இப்போது அந்த வேலைக்கு நான்கு ஆண்கள்.
மிச்சம் ஏழு சம்பளம் என்று ஏட்டில் எழுதினேன்.
யோகராணி மட்டும் வந்து கேட்டாள்:
"கரண்டுக்கும் எனக்கும் என்னக்கா சண்டை?"

வைகாசியில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார்,
கார்பன் எண்ண.
ஹாம்பர்க்கில் வாங்குகிறவர்கள் கேட்கிறார்களாம்,
ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு புகை என்று.
மருதவீரன் பாய்லர் கதவைத் திறந்து காட்டினார்.
"இது சீகை. இது கற்பூர மரம்,
எரியிறப்ப படபடங்கும், எழுதிக்கங்க சார்."
படபடப்புக்கு அவர் தாளில் கட்டம் இல்லை.

மின்சாரம்? என்றார்.
ஜன்னலைக் காட்டினேன்.
நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே
கெத்தையில் எங்கள் மழைதான்
குழாயில் விழுந்து சக்கரம் சுற்றுகிறது.
புகை ஒரு இழை கிடையாது.
அவர் சிரித்தார். நல்ல மனிதர்,
ஸ்வெட்டர் கொண்டு வரவில்லை.
"கம்பியில ஏறிட்டா அது உங்க தண்ணி இல்லைங்க மேடம்.
எல்லாம் ஒரே குளம். நிலக்கரியும் அதுலதான்."
மலையிறங்கிப் போன எங்கள் மழை
முகத்தில் நெய்வேலிக் கரியோடு
பில்லாகத் திரும்பி வருகிறது.

விறகை விட்டு மின்சூட்டுக்கு மாறினால்
மதிப்பெண் கூடும் என்றார்.
கூட்டிப் பார்த்தேன்.
இன்னும் நூற்றிருபது கே.வி.ஏ. கேட்டு வைக்க வேண்டும்.
கேட்டு வைத்தாலே காசு,
தை மாத உறைபனியில் இலையே வராதபோதும் காசு,
படுக்காத கட்டிலுக்கு லாட்ஜ் வாடகை மாதிரி.
அஸ்ஸாமில் எரிவாயு இருக்கிறது.
கென்யாவில் சில ஆலைகளுக்குச் சொந்தமாகவே அருவியாம்.
குன்னூர் ஏலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.
தூளை முகர்ந்து பார்ப்பார்கள்,
ஐம்பது பைசா குறைப்பார்கள்.
பாய்லர் போனால் மருதவீரனோடு இன்னும் இரண்டு பேர்.
அதையும் கூட்டினேன். எந்தப் பக்கம் எழுதுவது,
வரவிலா செலவிலா என்று தெரியாமல்
பென்சிலில் விட்டிருக்கிறேன்.

புகை வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம்தான்.
போன ஐப்பசியில் சரிந்த மண்
சித்தப்பா வீட்டுச் சமையலறையைக் கேட்டு வாங்கிக்கொண்டது.
அந்த மழை யார் கணக்கு என்று
ஹாம்பர்க்கையும் ஒருநாள் கேட்க ஆசை.
யார் முதலில் கட்டுவது,
எந்தத் தேதிக்குள்,
தவணை உண்டா.

பத்தாகிறது.
உருளை உறுமத் தொடங்குகிறது.
மீட்டரில் சிவப்புப் புள்ளி அவசரமாகத் துடிக்கிறது.
எதிர்ச் சரிவில் யோகராணி வீட்டில் இன்னும் விளக்கு.
வீட்டு இணைப்புக்கு உச்ச நேரம் கிடையாது,
முதல் நூறு யூனிட் இலவசம்.
அவள் எழுபதைத் தாண்டியிருக்க மாட்டாள்.