ஒரு பலகைக்கு நாலு பேர்

பகாவ் சடக்கு பிரியும் முனையில்
ஒட்டுப்பால் கிடங்கையொட்டி ஒரு தகரக் கொட்டகை.
அதன் நெற்றியில் தொங்கிய பலகையில்
நாலு தடவை எழுத்தெழுதியவன் நான்.
முதல் தடவை கூலி இரண்டு வெள்ளி.
கடைசித் தடவைக்கு இன்னும் வரவில்லை.

முதல் பேர் அவசரகாலத்தில்.
துரை இங்கிலீசில் சொன்னதைக்
குஞ்ஞப்பன் கிராணி மென்று மென்று
துண்டுச் சீட்டில் தமிழாக்கித் தந்தார்:
‘வீட்டுக்காவல் படை.’
ஊர்க்காவல் என்றிருக்க வேண்டும்.
‘வீ’க்குச் சுழி போடும்போதே தெரியும்.
எழுதத்தான் காசு,
திருத்த இல்லை.

அடுத்த மாதம் லயங்களைச் சுற்றி
முள்கம்பி இழுத்தார்கள்.
ஆறு மணிக்குக் கேட்டில் பூட்டு.
வேலைக்காட்டுக்குப் போகிறவள் மடியில்
ஒரு பிடி சோறு இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தே வெளியே விட்டார்கள்.
என் பலகையில் அதற்குப் பிறகு
பிழையே இல்லை.

பன்னிரண்டு ஆள். ஆளுக்கொரு சாட்கன்,
ஆறு தோட்டா.
பகலெல்லாம் பால்மரம் சீவிவிட்டு
இரவெல்லாம் வேலியைச் சுற்றினார்கள்.
தொப்ளான் நின்றபடியே தூங்குவான்,
துப்பாக்கி விழித்திருக்கும்.
விடியலில், பிரட்டுக்கு முன்,
தோட்டாவை எண்ணி ஒப்படைக்க வேண்டும்.
ஒருநாள் அவன் கையில் ஐந்து.

வட்டாரத் தலைமைக்கு அறிக்கை போனது:
‘இரவு இரண்டு மணி. வேலியோரம் அசைவு.
ஒரு வேட்டு.
எதிரி காட்டுக்குள் தப்பினான்.’

எதிரி தப்பவில்லை.
ஏழாம் லயத்துக்குப் பின்னால்
மயிர் பொசுக்கி, மஞ்சள் தடவி,
முப்பது வீட்டுக்குப் பங்கு போட்டோம்.
சார்ஜன் யாக்கோப் மட்டும்
காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று,
மூக்கைப் பொத்திக்கொண்டு, இடது கையால்
‘தப்பினான், சரி’ என்று ஒப்பம் வைத்தார்.
சிரம்பானிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.
வட்டாரம், மாநிலம், தலைநகரம்,
மூன்று முத்திரை.
காட்டுப் பன்றிக்கு அவ்வளவு மரியாதை
அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிறகு மெர்டேக்கா.
துப்பாக்கிகளை லோரியில் ஏற்றிப் போனார்கள்.
தொப்ளானுக்கு மிஞ்சியது ரசீது.
கொட்டகையில் எலி குட்டி போட்டது.

இரண்டாம் பேர், பிரதேசப் படை.
மூன்றாம் பேர் மறந்துவிட்டது,
நீளம். பலகையில் இடம் போதாமல்
கடைசி எழுத்தைச் சட்டத்தில் எழுதினேன்.
எப்போதும் பழையதைச் சுரண்டுவதில்லை,
மேலேயே ஒரு பூச்சு.
அவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நாலாம் பேர் மலாயில்: அஸ்கார் வாத்தானியா.
சனி ஞாயிறு சிப்பாய்கள். ஆள் எடுக்கிறார்கள் என்றதும்
தொப்ளான் சட்டைக்குக் கஞ்சி போட்டு
வரிசையில் நின்றான்.
வயது தாண்டிவிட்டதாவது அவனுக்குத் தெரியும்,
பொருட்களை எண்ணிக் கொடுக்கும் வேலையாவது என்றான்.

‘கார்டு?’
சிவப்பு.
‘நீலம் இருந்தால் வாருங்கள், ஐயா.’

‘அன்றைக்குக் கார்டின் நிறம் கேட்டா
துப்பாக்கி கொடுத்தீர்கள்?’

இளம் அதிகாரி, நல்ல பையன்,
அலமாரியைத் திறந்தே காட்டினான்.
‘அந்தப் பதிவேடு எங்களிடம் இல்லை.
அது வேறு படை.’

தொப்ளான் ரசீதை நீட்டினான்.
பையன் இருபுறமும் திருப்பிப் பார்த்தான்.
ஒருபுறம் மசி வெளுத்துவிட்டிருந்தது.
மறுபுறம் யாரோ
மங்குக் கணக்கு எழுதியிருந்தார்கள்.

தோட்டம் விற்றுப்போனது.
ஒட்டுப்பால் நாறிய இடத்தில்
இப்போது மாடி வீடுகள். சுற்றிலும் மதில்,
மதில்மேல் கம்பி. பழைய கேட் இருந்த இடத்திலேயே
புதுக் கேட், நேப்பாளத்துப் பையன் ஒருவன் காவல்.
நேற்று அதன் மேலாளர் போன் செய்தார்,
தமிழிலும் ஒரு பலகை வேண்டுமாம்,
என்ன எழுதலாம் என்று என்னையே கேட்டார்.

சொல் தயாராகத்தான் இருக்கிறது.
முன்பணம் வரட்டும்.