தாடை

கொவொலாவில் மார்ச் சனிக்கிழமை.
தெருப்பனி பாதி கரைந்து,
மனம் மாறி மறுபடி உறைந்து கிடக்கிறது.
விர்வே நான்காவது வாரமாகக் கடைக்கு வருகிறாள்,
கார் என்னுடையது என்பதால் நானும்.

அவளுக்குப் பல்லுக்கு உறை செய்யும் வேலை.
பீங்கானில் மயிரிழை பிசகினாலும்
முகமறியாத யாரோ ஒருவரின் தாடை
இரவெல்லாம் வலிக்கும்.
ஏழு வருடச் சேமிப்பு கையில்.
குளியலறைத் தரை இன்னும் மாற்றவில்லை.

சுவரில் இரண்டு கிட்டார்.

ஒன்று மகாகனி. முகப்பில் மேப்பிள்.
கருகுவதற்குச் சற்று முந்தைய வெல்லப்பாகின் நிறம்.
நாலு கிலோ இருநூறு;
தோளில் மாட்டினால் தூங்கிப்போன குழந்தை.
ஒரு சுரத்தைத் தொட்டால்
அது உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறது.

மற்றது கறுப்பு. பளபளப்பும் இல்லாத கறுப்பு.
கூர்ந்த இரு கொம்பு, கருங்காலிப் பலகையில்
இருபத்துநாலு மெட்டு,
கழுத்து முதல் வால்வரை ஊடுருவிய ஒரே மரம்.
உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடித்தால்
ஒவ்வொரு அடியும் தனித்தனி ஆணி.

விலையில் வித்தியாசம் அறுபது யூரோ.
பணம்கூட உதவிக்கு வரவில்லை.

கடைப்பையன் ஏமெலி
காந்தம், கம்பிச்சுருள், பாலத்தின் எஃகு என்று
ஒன்றுவிடாமல் சொன்னான்.
“உனக்கு எது பிடிக்கும்?” என்றாள்.
“இரண்டுமே நல்லது” என்றான்.
மதில்மேல் பூனைக்கு
இன்னொரு மதில் கட்டிக் கொடுத்தான்.

எங்கள் பாட்டின் அந்தத் துண்டை வாசித்தாள்.
நான்காம் சுற்றில் ஓர் இடம் உண்டு,
பதினோரு வருடமாக அங்கே அவசரப்படுவாள்.
மகாகனி அதன்மேல் போர்வையை இழுத்து விட்டது.
கறுப்பில்
எக்ஸ்ரேயில் சொத்தை போலத் தெரிந்தது.
ஏமெலி தரையைப் பார்த்தான்.
நான் பெடல்களின் விலைச்சீட்டை வாசித்தேன்,
பின் அதையே மறுபடி.

“ஆம்பை அணை” என்றாள்.

ஸ்பீக்கரின் இரைச்சல் அடங்கியதும்
கடை திடீரென்று பெரிதானது.
அவள் குனிந்து
மரத்தின் மேல்விளிம்பில் தாடையைப் பதித்து
ஒற்றைக் கம்பியைத் தட்டினாள்.
அடுத்ததிலும் அப்படியே.
மறுபடி முதலாவது.
எங்களுக்குக் கேட்டது கொசுவின் சத்தம்.
அவள் எலும்புக்குள் என்ன நடந்ததோ,
கண்ணை மூடியிருந்தாள்,
ஒரு பல்லைச் சோதிப்பது போல நாக்கு கன்னத்தைத் தள்ளியது.

கறுப்பைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன்.
உண்மை சொல்வதை வாங்குவதுதானே கௌரவம்.

“பகல் முழுக்கப் பிழை பொறுக்காத வேலை எனக்கு.
வெள்ளி இரவும் எதற்கு ஒரு மேலதிகாரி?”
மகாகனியைப் பெட்டியில் வைக்கச் சொன்னாள்.
கறுப்பைத் தானே சுவரில் மாட்டினாள்,
மெதுவாக,
விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுவது போல.

அடுக்ககத்தின் அடியில், வெடிகுண்டுக்கு அஞ்சிக் கட்டிய
கான்கிரீட் அறையில்தான் எங்கள் ஒத்திகை.
யார்க்கோ டிரம்முக்குப் பின்னால் வாழைப்பழம் தின்றபடி
ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு,
“எங்கே புதுசு? பழசைத்தானே வாசிக்கிறாய்?” என்றான்.
ஏழு வருடச் சேமிப்பு
சிரித்துச் சிரித்து இருமியது.

நான்காம் சுற்று வந்தது.
அவள் அவசரப்பட்டாள்.
நானும். யார்க்கோவும்.
எத்தனை வருடமாக மூவரும் சேர்ந்தே
அந்த இடத்தில் தாவுகிறோம் என்று
அப்போதுதான் கவனித்தேன்.

கறுப்பு இன்னும் விற்கவில்லை.
நான் பேஸ் வாசிப்பவன், நாலு கம்பி போதும் எனக்கு.
நேற்று அந்தக் கடை முன்னால்
காரை எதற்கு நிறுத்தினேன் என்று தெரியவில்லை.