பதிவு இலக்கம் 417

நகரசபையில் என் மேசைக்கு
ஓட்டோக்கள் காகிதமாகத்தான் வரும்.
காப்புறுதி, புகைப் பரிசோதனை,
கிராம சேவகர் எழுதிய 'அறிவேன், நல்லவர்',
பொலிஸ் எழுதிய 'பாதகமாக ஒன்றுமில்லை',
பாஸ்போட் அளவில் இரண்டு முகம்.
ஒன்று கோப்புக்கு.
மற்றது, நான் ஒப்பமிட்டுக் கொடுக்கும் அட்டைக்கு.
சாரதி ஆசனத்தின் முதுகில்
பயணியின் கண்ணுக்கு நேரே அது தொங்கவேண்டும் என்பது
உபவிதி பதினொன்று.

ஆறு வருடத்தில்
எண்ணூறு முகமாவது ஒட்டியிருப்பேன்.
பசை காய்ந்து விரல் நுனியில் உரியும்.

சித்திரையில் கிண்ணியாவிலிருந்து ஒருத்தி வந்தாள்.
றிஸ்மியா. தாதிப் பயிற்சியில் இருப்பவள்.
விடியமுன் கொழும்பு ரயிலால் இறங்கி
ஏறிய ஓட்டோ
ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லையாம்.
மட்கோ தாண்டி விளக்கில்லாத இடத்தில்
வேகம் குறைந்ததும்
பையை விட்டுவிட்டுக் குதித்திருக்கிறாள்.
முழங்கையில் தார் உரித்த இடத்தைக் காட்டினாள்.
இலக்கம் என்ன, என்றேன்.
இருட்டு, என்றாள்.
முகம்?
முதுகுதானே மிஸ் தெரியும்.

'இலக்கம்' என்ற கட்டம் வெறுமையாக இருந்தால்
கோப்பு மேலே போகாது.
உபகுழு மூன்று தரம் கூடியது,
மூன்று தரமும் கோரம் இல்லை.
நான்காம் தரம் எல்லோரும் வந்தார்கள்,
தரிப்பிடச் சங்கத் தலைவருக்கு மாலை போட.
தேர்தல் கிட்டியிருந்தது.

அந்தக் கோப்பின்மேல் நான் தேநீர்க் கோப்பை வைத்ததுண்டு.
வட்டக் கறை இருக்கிறது. மறுக்கவில்லை.

ஐப்பசி. வரவுசெலவுக் கூட்டம் முடிய இரவு பத்து.
அடைமழை. மான்கள்
பூட்டிய கடைகளின் தாழ்வாரத்தில்
நனைந்த சாக்குகள்போல் ஒதுங்கி நின்றன.
வந்த ஓட்டோவை மறித்தேன். பாலையூற்று, என்றேன்.
தலையை ஆட்டினான். திரும்பவில்லை.

எதிரே வந்த லொறி வெளிச்சத்தில்
அட்டை ஆடியது.
417. லோகிதராசா.
கீழே என் கையெழுத்து, அந்த அவசரச் சுழி.
படத்தில் ஐம்பது வயது, நரைமீசை, மடங்கிய இடது காது.
கண்ணாடியில் தெரிந்தது
இருபதும் நிரம்பாத ஒரு நெற்றி.

லோகிதராசா எங்கே?
"அத்தான் கட்டாருக்குப் போய் ரெண்டு வருசம்."
உம்மட லைசன்ஸ்?
"எடுக்கோணும்."

தையில் இதைப் புதுப்பித்தவள் நான்.
ஆள் வந்தாரா என்று பார்க்கவில்லை.
காசு வந்தது.

மூன்றாம் கட்டைக்கு முன்னமே
அவன் இடப்பக்கம் வெட்டினான்.
நான் அறிந்த வழி அதுவல்ல.
கேட்க வாயைத் திறந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது.
கைப்பையை மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்தேன்,
குதிக்கச் சுலபமாக.
கம்பியைப் பிடித்த என் முழங்கை
முதன்முதலாக
இன்னொருத்தியின் முழங்கையை நினைத்தது.

"பெரிய ரோட்டில வெள்ளம் அக்கா,
அதான் சுத்திப் போறன்."

வாசலில் அறுநூறு கேட்டான்.
ஆயிரத்துக்கு மிச்சம் சரியாய்த் தந்தான்.
கேற் திறக்கும்வரை லைற்றை அணைக்காமல் நின்றான்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காலையில் கோப்பைத் திறந்தேன்.
வெற்றுக் கட்டத்தில் 417 என்று எழுத முடியாது.
அவன்தான் என்று யார் சொன்னது?
'குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதினேன்:
'அட்டை வழங்கிய உத்தியோகத்தர்
முகங்களைச் சரிபார்க்கவில்லை.'
கீழே என் பெயரை முழுதாக, சுழிக்காமல்.

செயலாளர் இரண்டு தரம் வாசித்தார்.
"பிள்ளை, உமக்குப் பென்சன் வேண்டாமோ?"
கோப்பு அவர் மேசையில்தான் கிடக்கிறது.

பதினொரு மணிக்கு
உறையை நீட்டியவரிடம் கேட்டேன்:
வண்டி எங்கே நிற்குது?
"வண்டியோ? எல்லாம் இதுக்குள்ள இருக்கு மிஸ்."
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன்.
வரிசை முணுமுணுத்தது.
பசைப் போத்தலை மூடிவிட்டு
வெயிலில் இறங்கினேன்.