பத்தே முக்கால்

இரைப்பையை எடுத்த பிறகு
நருமிக்குப் பசிப்பதில்லை.
மேல்வயிற்றிலிருந்து மூளைக்குக் குரல்கொடுக்குமாம்
கிரெலின் என்று ஒன்று.
அது குடியிருந்த வீடே போய்விட்டது.

சட்டைப்பை அலாரம் அடித்தால்
அரை உருண்டைச் சோறு, முப்பது தடவை மென்று.
அவசரப்பட்டாலோ குடல் திடுக்கிட்டு
போதும் போதுமென்று
ஹார்மோன்களை வாரி இறைக்கும்:
வியர்வை, படபடப்பு.

இன்று அகிதா பாதையில் பனி.
இரண்டு மணி நேரமாய் நிற்கிறது
அவர் ஓட்டும் ரயில்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறுமி
பசிக்கிறதென்று அழுகிறாள்.
அவள் வயிறு உறுமுவது இவருக்கே கேட்கிறது.

என்ன ஒரு சத்தம்!

கதவைத் திறந்து
தன் பத்தே முக்காலை
அவளிடம் நீட்டுகிறார்.
மெல்ல, மெல்ல என்கிறார்.

அதற்குள் விழுங்கிவிட்டாள்.