உப்புக்கு இறங்கியது

நாலாம் பிறை மறைந்து வெகுநேரமாகிவிட்டது.
கச்சான் காற்று அம்பாரத்துக் கீற்றை
முனை முனையாகப் பிரித்துக்கொண்டிருந்தது.
டார்ச்சைத் தூக்கினால்
உச்சியில் இரண்டு பச்சைப் பொட்டு.

மைமூன் வீட்டுக் கரும்போரைக் கிடா.
அறுந்த கயிறு கழுத்தில் ஒரு முழம்.
கொடியாடு, நெட்டைக் கால்.
ஏறிப் பார்க்க இந்த ஊரில் அதற்கு என்ன இருக்கிறது?
கவிழ்த்துப் போட்ட வள்ளம்,
பள்ளிவாசல் பின்சுவர்,
ஒருமுறை உப்பு லாரியின் பானெட்.

வாலிநோக்கத்தில் மலை கிடையாது.
எங்களுக்கு மலை என்றால்
பஸ் ஏறிப் பழனிக்குப் போவது.
தரை இங்கே தண்ணீரைப் போலப் படுத்துக் கிடக்கும்,
பனை இல்லாவிட்டால் தூரம் என்ற ஒன்றே தெரியாது.
ஆனால் வருஷத்தில் ஆறு மாதம்
நாங்கள் ஒரு மலை செய்கிறோம், வெள்ளையாக,
பலகையால் இழுத்து, கூடையில் சுமந்து.
மழைக்கு முன் அதை லாரி தின்றுவிடும்.

"ஏய், இறங்கு" என்றேன்.
கல்லை எடுத்தேன், எறியவில்லை.
மேஸ்திரி அருளானந்து சொல்லியிருக்கிறார்,
ஒரு புழுக்கை உப்பில் கிடந்தாலும்
உன் சம்பளத்தில்தான் கை வைப்பேன் என்று.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
வெடித்த குதிகாலில் உப்பு ஏறினால் எப்படி இருக்கும் என்று
உப்பளத்தான் யாரிடமும் சொல்வதில்லை.

அது ஓடவில்லை.
கட்டியை நக்கிக்கொண்டே பார்த்தது,
கண்மணி படுக்கைவாட்டில்,
வரப்பில் வைத்த மட்டப்பலகை மாதிரி.
கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.
கயிறு சிக்கவில்லை.
நாக்குதான் சிக்கியது.

அரம்போல் தேய்த்தது உள்ளங்கையை.
ரேகைக்குள் நேற்றைய பாத்தி இருந்திருக்கும்,
அதற்கு முந்தைய பாத்தியும்.

இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.
யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்தேன்.
ஏதோ ஒரு மலை,
பெயர் வைக்க ஆள் வராத காலத்து மலை.
பனி. கல். உப்பில்லாத புல்.
பாறை இடுக்கில் ஒருத்தி, கைக்குழந்தையோடு.
அவள் ஒன்றுக்குப் போன கல்லை
நக்க வந்தது ஓர் ஆடு.
அப்போது அது யாருடைய ஆடும் இல்லை.
முதல் நாள் முப்பது அடி தள்ளி,
எத்தனையாவது நாளோ, மூன்றடி.
ஈட்டிக்காரர்கள் போயிருந்த நேரம்
அவள் கையை நீட்டியிருப்பாள்,
வெறும் கைதான், வியர்த்த கை.
நாக்கு பட்டதும் சிரித்திருப்பாள், கூசுமல்லவா.
சிரித்த வாயோடு
மறு கையால் கொம்பைப் பிடித்திருப்பாள்.

அங்கிருந்து இறங்க ஆரம்பித்தது,
ஒரு நாக்குத் தூரம், இன்னொரு நாக்குத் தூரம் என்று.
பள்ளத்தாக்கு, ஆற்றங்கரை, கரிசல்,
கமுதிப் பக்கத்துச் செம்மறிக் கிடைகள் அமர்ந்தெழுந்த
புழுதிக்காடு.
இத்தனை ஆயிரம் வருஷம் நடந்து
உப்பு பிறக்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது.
இதற்கு மேல் கடல்.

மறு கை என்னிடமும் இருந்தது.

பெருநாளுக்கு இன்னும் ஆறு நாள்.
மைமூன் அகத்திக் கொப்பை ஒடித்துப் போட்டு
"தின்னு என் ராசா, இன்னும் ரெண்டு வாய்" என்று
கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன்.
கெஞ்சியபடியே விலாவைத் தடவிப் பார்ப்பாள்,
எலும்பு எவ்வளவு மூடியிருக்கிறது என்று.
இரண்டும் பொய்யில்லை.

கொம்பைப் பிடிக்கத் தேவையே வரவில்லை.
விரித்த உள்ளங்கையோடு பின்பக்கமாக இறங்கினேன்,
கை போன வழியில் அதுவும் வந்தது,
அம்பாரம், வரப்பு, ஒடைமர நிழல்,
மைமூன் வீட்டு முளைக்குச்சி வரைக்கும்.
முடிச்சுப் போடும்போதும்
முடிச்சுப் போடும் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

காவல் நோட்டில் எழுதினேன்:
கச்சான் பலம்.
கீற்று மூன்று பறந்தது, மாற்ற வேண்டும்.
கீழண்டை அம்பாரம், உச்சியில் சிறு பள்ளம்,
காரணம் ஆடு.

ஆட்டை அடித்துவிட்டுக்
காற்று என்று போட்டேன்.