எட்டுச் சிரட்டை

மூணு நாளாகக் கோடைமழை.
மரத்தில் கத்தி வைக்க முடியாது.
கழுவிக் கவிழ்த்திருந்த சிரட்டைகளில்
எட்டை எடுத்துவந்து தரையில் பரத்தினாள் ரெபிஷா.
"அப்பா, இதெல்லாம் கோளு."

களியலில் கடை திறக்கவில்லை. பசை இல்லை.
அமோனியா விட்டு வைத்திருந்த ரப்பர் பாலைக்
குச்சியால் தொட்டு ஒட்டினோம்.
காலண்டர் அட்டை இருமல் மருந்து பாட்டிலில் ஒட்டி
ராக்கெட்டுக்குச் சிறகானது.
டிஜினின் புருவமும் ஒட்டியது.
தேங்காயெண்ணெய் போட்டுப் பிரிக்கும் வரை
அசையாமல் இருந்தான்,
அவன் அசைந்தால் ராக்கெட் கிளம்பிவிடும் என்பதுபோல.

சனிக்கு வளையம் வேண்டுமாம்.
நனைந்துகொண்டே போய்
மரத்தில் சிரட்டையைத் தாங்குகிற கம்பியைக்
கழற்றி வந்து மாட்டினேன்.
அளவெடுத்தது மாதிரி இருந்தது.
இத்தனை வருஷமும் முன்னூறு சனிகளை
இருட்டில் சுற்றி வந்திருக்கிறேன்.

சனிக்கு மஞ்சள்பொடி. செவ்வாய்க்கு முற்றத்துச் செம்மண்.
பூமிக்கு எதைப் பூசலாம் என்று நான் யோசிப்பதற்குள்
ஓடு ஒழுகுகிற இடத்தில் அதைக் கொண்டு வைத்தான் டிஜின்.
"பூமியிலதான வெள்ளம் உண்டு."
இரண்டு தடவை கொட்டிவிட்டு வைத்தோம்.

நிலா, ஒட்டுப்பாலை உருட்டியது.
கொஞ்சம் நாறும். போட்டால் துள்ளும்.
உத்தரத்தில் இடித்து
அரிசிப் பானைக்குப் பின்னால் விழுந்து
அமாவாசையானது.

ராக்கெட்டில் போக ஆள்?
கொல்லாமரத்தடியில் கிடந்த அண்டி ஒன்று,
கனத்த உடுப்பில் முதுகு வளைந்தவர் போல.
ரெபிஷா முகம் வரைந்தாள், இரு கண்ணும் ஒரே பக்கம்.
ஞானசிகாமணி என்று பெயர் வைத்தாள்.

அண்டியாபீஸ் விட்டு வந்த சுஜிலா
குடையை மடக்குமுன் பார்த்துவிட்டாள்.
"ஆரு பிள்ளையளுக்க கையில அண்டியக் குடுத்தது?
கடிச்சா வாயி வெந்து போவும்."
பிடுங்கி வெளியே எறிந்தாள்.
எறிந்த கையின் விரல்நுனிகள்
கறுத்து, தோல் உரிந்து.
ரெபிஷா அந்தக் கையையே பார்த்தாள்.
"அம்மா, நீ அவரத் தெனமும் தொடுவியா?"

சுஜிலா பேசாமல்
புளிப்பானையைத் துழாவி
ஒரு புளியங்கொட்டையைக் கொண்டுவந்து
பாட்டிலுக்குள் போட்டாள்.
அதில் முகம் வரைய இடம் போதவில்லை.

கரண்ட் போனது.
என் நெற்றி விளக்கை நடுவில் வைத்தோம், சூரியன்.
எட்டு நிழல்களும் சுவரேறி
கூரைவரை பெருத்தன.
"ஞானசிகாமணி திரும்பி வருவாரா?" டிஜின்.
"மொளைச்சு வருவாரு. ஒறங்கு."

இரண்டு நாள் கழித்து மரம் காய்ந்தது.
மூணரை மணிக்குச் சூரியனை நெற்றியில் கட்டி இறங்கினேன்.
கம்பியில்லாமல் நின்றது ஒரு மரம்.
பிள்ளைகள் உறங்கும்போதே
சனியை எடுத்துவந்து மாட்டினேன்.
அதில் வடிந்த பால் மட்டும்
லேசாக மஞ்சளித்தது.
டிப்போவில் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.